குறை சொன்னவருக்குச் சோறு

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்து, ஆறுகளுக்கு மட்டும் இன்னும் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் மேழிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதைக் கதிர்நம்பி என்ற அரசன் ஆண்டான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். இந்தக் கதையில் வாள் சண்டை கிடையாது, பயப்பட வேண்டாம். ஒரு கழுதை மட்டும் உண்டு.

கதிர்நம்பி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் உங்களுக்கு அவன்மேல் கோபம் வரும். சிறு வயதில் அவன் ஒரு பெரும் பஞ்சத்தைப் பார்த்தவன். தன் பங்குத் தண்ணீரை மகனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் தாய் வெறும் குவளையை உதட்டில் வைத்துக் குடிப்பதுபோல் காட்டியதை அவன் மறக்கவே இல்லை. அதனால் முடி சூட்டிக்கொண்டதும் அவன் செய்த முதல் வேலை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு ஏரி வெட்டியது.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையில் ஒரு வாய் விட்டிருப்பார்கள். அதற்குக் கலிங்கு என்று பெயர். கரையைச் சுற்றிப் பார்க்க வந்த அரசன் அதைப் பார்த்தான்.

"இது என்ன ஓட்டை? ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாகக் கூடாது. அடைத்துவிடுங்கள்" என்றான்.

தலைமைக் கொத்தனார் தலையைச் சொறிந்தார். அமைச்சர் தொண்டையைக் கனைத்தார். படைத்தலைவர் வானத்தைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் சேர்ந்து, "அப்படியே ஆகட்டும், அரசே" என்றார்கள். பாறாங்கற்களை அடுக்கிக் கலிங்கை அடைத்தார்கள்.

கரைக்கு நேர் கீழே ஏரியடிப்பட்டி என்று ஒரு சிற்றூர். அங்கே பொற்கிளி என்ற பெண் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மாசமாக இருந்தாள். ஐப்பசியில் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். ஐப்பசியில்தான் மேழிநாட்டில் பெருமழையும் பிடிக்கும்.

பொற்கிளியின் அப்பன் கண்டியப்பன், மிளகு வணிகன். நல்ல மனிதன், ஆனால் வாயில் 'இல்லை' என்ற சொல்லே வராது. வாங்க வந்தவர் மிளகு சிறுத்திருக்கிறது என்றால் "ஆமாங்க" என்பான். அடுத்தவர் பருத்திருக்கிறது என்றால் அதற்கும் "ஆமாங்க" என்பான். அவன் மனைவி வெள்ளையம்மை அப்படி இல்லை. அவளுக்கு மனதில் பட்டது வாயில் வந்துவிடும். இருவரும் ஒரு கழுதையோடு ஊர் ஊராகப் போய் வணிகம் செய்தார்கள். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவதால் அந்தக் கழுதைக்கு மந்திரி என்று பெயர் வைத்தவளும் வெள்ளையம்மைதான்.

ஒருநாள் அரசவையில் புலவர்கள், "உலகத்திலேயே சிறந்த ஆட்சி உங்கள் ஆட்சி" என்று பாடினார்கள். கதிர்நம்பி கையை உயர்த்தி நிறுத்தினான்.

"மற்ற ஆட்சிகளைப் பார்த்துவிட்டுப் பாடுகிறீர்களா, பார்க்காமல் பாடுகிறீர்களா?" என்று கேட்டான்.

புலவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் யாரும் ஆற்றைத் தாண்டியதில்லை. பார்த்தீர்களா, நான் சொன்னேனே, அரசன் கெட்டவன் இல்லை. அவனுக்குத் தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது. ஊர் ஊராகப் போகிற ஆள் யார் என்று விசாரித்துக் கண்டியப்பனை வரவழைத்தான்.

"வணிகரே, நம்மைச் சுற்றி மூன்று நாடுகள் இருக்கின்றன. ஒன்றை ஒருவர் ஆள்கிறார். ஒன்றை ஏழு பேர் ஆள்கிறார்கள். ஒன்றை எல்லாரும் சேர்ந்து ஆள்கிறார்களாம். மூன்றையும் பார்த்துவிட்டு, எது நல்ல ஆட்சி என்று ஐப்பசி பிறக்கையில் வந்து எனக்குச் சொல்ல வேண்டும். செய்வீரா?"

"ஆமாங்க" என்றான் கண்டியப்பன். வேறு என்ன சொல்வான்?

ஊர் எல்லையைத் தாண்டியதும் வெள்ளையம்மை கேட்டாள். "கலிங்கை அடைச்சது தப்புன்னு ராசாகிட்ட சொன்னீங்களா?"

"அவர் அதைக் கேக்கலையே புள்ள. கேக்காததைப் போய் எப்படிச் சொல்றது?"

"தண்ணி ஏறிச்சுன்னா கரை தாங்குமாங்க? கரைக்குக் கீழ நம்ம பொண்ணு இருக்கா."

"ஐப்பசிக்குள்ள வந்துருவோம். வந்து பாத்துக்கலாம்."

 போகிற வழியெல்லாம் வெள்ளையம்மை வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

முதலில் அவர்கள் போனது ஒருகோல் நாடு. அடடா, அந்த நாட்டுச் சாலையைச் சொல்ல வேண்டும். நூல் பிடித்ததுபோல் நேர்ச் சாலை, இரண்டு பக்கமும் புளிய மரங்கள், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். கள்ளர் பயம் கிடையாது. மிளகு மூட்டையை மரத்தடியில் வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் மூட்டை அப்படியே இருக்கும். "இந்த ராசா நல்லா இருக்கட்டும்" என்று இருவரும் மனதார வாழ்த்திக்கொண்டே நடந்தார்கள். நிழல் கொடுத்தவரை வாழ்த்தாமல் போவது நல்ல பழக்கம் இல்லை அல்லவா?

வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பிடிக்க வேகமாக வந்து சேர்ந்தார்கள். சந்தை மேடையில் ஓர் ஈ காக்கை இல்லை.

"வெள்ளிக்கிழமை சந்தை இல்லீங்களா?" என்று காவலனைக் கேட்டான் கண்டியப்பன்.

"வெள்ளி நாளைக்கு. இன்னைக்கு வியாழன்" என்றான் காவலன்.

"இன்னைக்குத்தான வெள்ளி?" என்றாள் வெள்ளையம்மை.

காவலன் கையிலிருந்த ஈட்டி கொஞ்சம் நிமிர்ந்தது. "ஆமாங்க, வியாழன்தாங்க" என்று சொல்லிக் கண்டியப்பன் மனைவியை இழுத்துக்கொண்டு பக்கத்துச் சோற்றுக்கடைக்குள் நுழைந்துவிட்டான்.

சோற்றுக்கடைக்கார அம்மாள் கதவைச் சாத்திவிட்டு, காதோடு காதாகச் சொன்னாள். ஒருமுறை அரசர் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது, "இன்று புதன்தானே?" என்று கேட்டாராம். அன்று வியாழன். அமைச்சர்கள் "புதன்தான் அரசே" என்றார்களாம். அன்றிலிருந்து அந்த நாடு முழுவதும் ஒரு நாள் பின்தங்கிவிட்டது. அமாவாசைக்குப் படையல் போடும்போது வானத்தில் பிறை தெரியும். யாரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை.

"யாரும் எடுத்துச் சொல்லலையா அக்கா?" என்று கேட்டாள் வெள்ளையம்மை.

"ஒருத்தர் சொன்னாரும்மா. கோயில்ல பஞ்சாங்கம் படிக்கிறவரு. என் வீட்டுக்காரரு" என்றாள் அந்த அம்மாள். "அரண்மனையில இருந்து ஆள் வந்து கூட்டிட்டுப் போனாங்க. எங்க வெச்சிருக்காங்கன்னு இன்னும் தெரியல."

கடையின் மூலையில் ஒரு வாழை இலை போட்டிருந்தது. அதில் சோறு வைத்து மூடியிருந்தது. அவர் எந்த நேரம் வந்தாலும் பசியோடு வருவார் என்று தினமும் அவள் அப்படி வைக்கிறாளாம். வெள்ளையம்மை அந்த இலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 

அடுத்து அவர்கள் போனது எழுவர் நாடு. ஏழு பெரிய வீட்டார் சேர்ந்து ஆள்கிற நாடு அது. ஏழு பேரும் சாதாரணமானவர்கள் இல்லை, நன்றாகப் படித்தவர்கள். எல்லையைத் தாண்டும்போது கண்டியப்பன் கால் பிசகி விழுந்தான். வழிப்போக்கர்களுக்கென்று அவர்கள் கட்டி வைத்திருந்த வைத்திய சாலையில் தைலம் தடவிக் கட்டுப் போட்டு, கால் சரியாகும்வரை கஞ்சியும் கொடுத்தார்கள். கழுதைக்குக்கூடப் புல் போட்டார்கள். "இந்த ஏழு பேரும் நல்லா இருக்கட்டும்" என்று இருவரும் அழாத குறையாக வாழ்த்தினார்கள்.

பிறகு ஓர் ஆறு வந்தது. ஆற்றுக்கு மேலே பாலம் இருந்தது. இக்கரை வீட்டார் இங்கிருந்து கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அக்கரை வீட்டார் அங்கிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நடு ஆற்றில் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே பக்கத்தில் பக்கத்தில் போய் நின்றுவிட்டன. சிரிக்காதீர்கள். அந்த நாட்டார் அந்தப் பாலத்தைத்தான் பயன்படுத்தினார்கள். இந்தப் பாதியின் முனைவரை நடந்து, கயிற்றில் தொங்கி ஆற்றுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, அந்தப் பாதியில் கயிறு பிடித்து ஏறினார்கள்.

கழுதையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக மந்திரி தலையை ஆட்டவில்லை.

"இது யார் தப்புங்க?" என்று அங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்தவரிடம் வெள்ளையம்மை கேட்டாள்.

"முதல் வீட்டுல கேட்டேன் தாயி, ரெண்டாம் வீட்டுல கேக்கச் சொன்னாங்க. அங்க கேட்டா மூணாம் வீடு. அப்படியே ஏழாம் வீடு வரைக்கும் போனேன். அவங்க முதல் வீட்டுல போய்க் கேக்கச் சொல்லிட்டாங்க" என்றார் அவர். துணியைக் கல்லில் ஓங்கி அடித்துவிட்டு, "தப்பு நடந்திருக்கு. செஞ்சவங்கதான் யாரும் இல்ல" என்றார்.

ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஈரவாடை வந்துவிட்டது. வெள்ளையம்மை நடையை எட்டிப் போட்டாள்.

மூன்றாவதாக அவர்கள் போய்ச் சேர்ந்தது ஊரார் நாடு. அங்கே அரசரும் இல்லை, பெரிய வீட்டாரும் இல்லை. எந்த விஷயம் என்றாலும் எல்லாரும் ஆலமரத்தடியில் கூடி, வேண்டும் என்றால் வெள்ளைக் கூழாங்கல்லும், வேண்டாம் என்றால் கறுப்புக் கூழாங்கல்லும் பானையில் போடுவார்கள். எது அதிகமோ அதுதான் முடிவு.

அந்த நாட்டைப் பற்றி நிறையப் பெருமையாகச் சொல்லலாம் என்று பார்த்தால், சாலை எல்லாம் குண்டும் குழியுமாகக் கிடந்தது. வைத்திய சாலை கட்டலாமா வேண்டாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கண்டியப்பனுக்குத் தலைவலி வந்துவிட்டது. "இதுக்கு அந்தப் பாலமே தேவலாம்" என்று முணுமுணுத்தான்.

ஆனால் அவர்கள் போன அன்று ஆலமரத்தடியில் சமையல் நடந்துகொண்டிருந்தது. நாட்டாண்மை செய்கிற பெரியவரே கரண்டி பிடித்திருந்தார். கண்ணில் புகை ஏறி அவருக்குத் தண்ணீர் வழிந்தது. நடுவில் ஒரே ஓர் இலை. அதற்கு முன்னால் கூடை முடைகிற மாடத்தி என்ற பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டாள் வெள்ளையம்மை.

பக்கத்தில் நின்றவர் சொன்னார். "போன வருசம் சந்தையை ஆத்து மணலுக்கு மாத்தலாம்னு கூட்டம் போட்டோம். இடம் விசாலமா இருக்கு, ஆத்துல தண்ணியும் இல்லன்னு எல்லாரும் வெள்ளைக் கல்லு போட்டோம். இந்த மாடத்தி மட்டும் கறுப்புக் கல்லு போட்டா. 'போன ஆறு திரும்பி வரும்'னு சொன்னா. நாங்க கைகொட்டிச் சிரிச்சோம். இந்த ஆடியில ஆறு வந்து கடை கண்ணியெல்லாம் வாரிக்கிட்டுப் போயிருச்சு. அதான் அவளுக்கு நன்றிச் சோறு போடுறோம். எங்க வழக்கம் இது. யார் சொன்ன குறை சரின்னு ஆகுதோ, அவங்களுக்கு அதைக் கேக்காதவங்க சமைச்சுப் போடணும்."

பெரியவர் சோற்றை இலையில் வைத்தார். பிறகு கை கூப்பிக்கொண்டு, ஊரே கேட்கும்படி சொன்னார். "மாடத்தி, நீ சொன்னது சரி. நாங்க செஞ்சது தப்பு. சொன்னதுக்கு நன்றி."

மாடத்தி ஒரு வாய் அள்ளிப் போட்டாள். ஊரே அவள் வாயைப் பார்த்தது. "சாம்பாருக்குப் பெருங்காயம் பத்தல" என்றாள். "நன்றி" என்றது ஊர்.

வெள்ளையம்மை மூக்கில் விரலை வைத்தாள். "சோறு போட்டவங்களையும் குறை சொல்றாளே!"

"அதுவும் வழக்கந்தாம்மா. ஒரு குறை சொன்னாத்தான் விருந்து முடியும். இல்லேன்னா எங்களுக்குக் கேக்குற பழக்கம் விட்டுப் போயிரும்ல?"

அன்று மிச்சச் சோற்றை ஊரோடு சேர்ந்து இவர்களும் சாப்பிட்டார்கள்.  சோற்றுக்கடை மூலையில் மூடி வைத்திருந்த அந்த இன்னொரு இலையைக் கண்டியப்பன் நினைத்துக்கொண்டிருந்தான். இங்கே ஒரு இலை, அங்கே ஒரு இலை. இரண்டும் உண்மை சொன்னவருக்குப் போட்ட இலைதான்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைக்கு வந்ததும் வெள்ளையம்மை தண்ணீரை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கரையின் தோள்வரை வந்து தளும்பிக்கொண்டிருந்தது. ஏரியடிப்பட்டி ஆட்கள் சிலர் கலிங்குக் கல்லைப் பெயர்க்கப் போயிருக்கிறார்கள். காவலர்கள் விரட்டிவிட்டார்கள். 'கலிங்கில் கை வைத்தவனுக்குக் கை இருக்காது' என்று பறையறைந்து அறிவித்தும் ஆயிற்று.

பட்டியில் பாதிப்பேர் மாட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போயிருந்தார்கள். பொற்கிளி போகவில்லை. காலையிலிருந்து அவளுக்கு இடுப்பு வலி. மருத்துவச்சி வெளியே வந்து கையை விரித்தாள். "இப்ப இவளத் தூக்கிட்டு இந்த மழையில மேட்டுல ஏற முடியாது. ரெண்டு உயிரு."

வெள்ளையம்மை மகளின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இவள விட்டு நகர மாட்டேன். ராசா உங்களத்தான கேட்டாரு? உங்க வாயாலதான் சொல்லணும்."

கண்டியப்பன் மகளைப் பார்த்தான். கூரைக்கு மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் வாழ்நாளில் முதல்முறையாக 'ஆமாங்க' என்று சொல்லாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு, கழுதைமேல் ஏறி அரண்மனைக்கு விரட்டினான்.

அரசவை நிறைந்திருந்தது. சேறும் சகதியுமாக வந்து நின்ற வணிகனைப் பார்த்துக் கதிர்நம்பி மகிழ்ந்து போனான்.

"வாரும்! சொன்னபடி வந்துவிட்டீர். எது நல்ல ஆட்சி?"

கண்டியப்பன் மூச்சிரைக்கச் சொன்னான். ஒருகோல் நாட்டின் சாலையையும் சொன்னான், அது ஒரு நாள் பின்தங்கிப்போனதையும் சொன்னான். எழுவர் நாட்டின் தைலத்தையும் சொன்னான், சேராத பாலத்தையும் சொன்னான். ஊரார் நாட்டின் கூச்சலையும் சொன்னான், நன்றிச் சோற்றையும் சொன்னான். புதன்கிழமைக் கதையைக் கேட்டு அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். அவையும் சிரித்தது.

"என்ன மூடர்கள்! சரி, நம் நாடு இவற்றில் எந்த வகை?" என்று கேட்டான் அரசன்.

"அது எனக்கு இன்னும் தெரியலீங்க, அரசே" என்றான் கண்டியப்பன்.  "இப்ப நான் ஒண்ணு சொல்லப் போறேன். சொன்னப்புறம் தெரிஞ்சுரும்."

தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"கலிங்கை அடைச்சது தப்புங்க. கரை இன்னைக்குப் பொழுதைத் தாங்காது. கீழ பட்டியில சனங்க இருக்காங்க. என் பொண்ணு வலியெடுத்துக் கிடக்கா. கல்லை எடுக்கச் சொல்லுங்க. எடுத்துட்டு அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க."

அரசனுடைய முகம் சிவந்தது. அவன் சிங்காதனத்தின் கைப்பிடியை இறுகப் பற்றினான். "ஒரு சொட்டுத் தண்ணீருக்காகச் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்! அந்த ஏரியைக் குறை சொல்ல நீ யார்?" என்று கத்தினான்.

காவலர்கள் ஓர் அடி முன்னால் வந்தார்கள். கண்டியப்பன் அசையவில்லை. எதற்கும் தலையாட்டுகிற மனிதன், அன்று தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அவன் மேலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அரசன் அந்தத் தண்ணீரைப் பார்த்தான். தரையில் பரவி, போக வழி தேடிக்கொண்டிருந்த அதைப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது.

"கொத்தனாரே, இது உமக்குத் தெரியுமா?"

"தெரியும், அரசே" என்றார் கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டு.

"அமைச்சரே?"

"தெரியும், அரசே."

"படைத்தலைவரே?"

"தெரியும், அரசே."

 "அப்படியானால், இந்த நாட்டில் இன்று என்ன கிழமை என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது" என்றான் கதிர்நம்பி. முடியைக் கழற்றி ஆசனத்தில் வைத்தான். மேலாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். "கடப்பாறை கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கி ஓடினான்.

அவன் பின்னால் படை ஓடியது, கொத்தனார் ஓடினார், மூச்சு வாங்கிக்கொண்டு அமைச்சரும் ஓடினார். கண்டியப்பனைக் கேட்கவே வேண்டாம். கரையில் மண் அங்கங்கே சரியத் தொடங்கியிருந்தது. அரசன் முதல் கல்லில் கடப்பாறையைப் போட்டான். ஆளுக்கொரு கை பிடித்தார்கள். கல் ஒவ்வொன்றாகப் புரண்டது. திறந்த கலிங்கு வழியாகத் தண்ணீர் பொங்கிப் பாய்ந்து, பழைய ஓடையைப் பிடித்துக்கொண்டு, பட்டியைச் சுற்றி ஒதுங்கிப் போனது.

பட்டியில் வெள்ளையம்மை காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டதும் அவள் மகளை இறுக அணைத்துக்கொண்டாள். சத்தம் கிட்டே வந்தது. கிட்டே வந்து, பக்கவாட்டில் திரும்பியது. அப்படியே தூரமாகப் போய்விட்டது.

"ஓடையிலதான் போகுது. சொல்லிட்டாருடி உங்கப்பா!" என்று அவள் அழுதாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அழுகையும் கேட்டது. அது பேரப்பிள்ளையின் அழுகை.

மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு நாளில், ஏரியடிப்பட்டியில் அடுப்பு மூட்டினார்கள். சமைத்தவர்கள் யார் தெரியுமா? கொத்தனார் விறகு வெட்டினார். படைத்தலைவர் தேங்காய் துருவினார். அமைச்சர் வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டார். அரசன் சோறு வடித்தான். இதற்குமுன் அவன் உலையில் அரிசி போட்டதே இல்லை.

கண்டியப்பனை உட்கார வைத்து இலை போட்டார்கள். பக்கத்தில் வெள்ளையம்மைக்கும் ஓர் இலை. பொற்கிளி மடியில் பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அரசன் தன் கையால் பரிமாறினான். பிறகு கை கூப்பினான்.

"கண்டியப்பரே, நீர் சொன்னது சரி. நான் செய்தது தவறு. சொன்னதற்கு நன்றி. என் தாய் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீரால் எனக்குப் பழி வராமல் நீர் காத்தீர்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதை அவன் மறைக்கவில்லை.

கண்டியப்பன் ஒரு வாய் சாப்பிட்டான். ஊரே அவன் வாயைப் பார்த்தது.

"நல்லா இருக்குங்க" என்றான்.

வெள்ளையம்மை முழங்கையால் ஓர் இடி இடித்தாள். "குறை சொன்னாத்தான் விருந்து முடியும்."

கண்டியப்பன் அரசனைப் பார்த்தான். அவை நடுவில் நின்றபோதுகூட அவனுக்கு இவ்வளவு வியர்க்கவில்லை. "சோறு… கொஞ்சம் குழைஞ்சு போச்சுங்க, அரசே" என்றான்.

"நன்றி!" என்றான் கதிர்நம்பி, வாய்விட்டுச் சிரித்தபடி. பட்டியே சிரித்தது. நீங்களும் சிரிக்கலாம், இப்போது தடை இல்லை.

"ராசா" என்றாள் வெள்ளையம்மை. சிரிப்பு அடங்கியது. "இன்னொரு இலை போடணுங்க."

"யாருக்கு அம்மா?"

"ஒருகோல் நாட்டுல ஒருத்தர், இன்னைக்குப் புதன் இல்ல, வியாழன்னு சொன்னாரு. அவருக்கு யாரும் நன்றி சொல்லல. அவரு பொஞ்சாதி தினமும் இலை போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கா. அந்தம்மா கையால போட்ட சோத்தைத் தின்னுட்டுத்தான் நாங்க நடந்தோம். அவருக்கு நாமளாவது சொல்லணும்ல?"

அரசனே போய் ஓர் இலையை அறுத்துக்கொண்டு வந்தான். துடைத்து விரித்தான். கண்டியப்பனுக்குப் பரிமாறிய அளவே அதிலும் பரிமாறினான். தான் முகம் அறியாத மனிதருக்கு, யாரும் உட்காராத அந்த இலைக்கு முன்னால் நின்று, "நன்றி, ஐயா" என்றான். அவனோடு சேர்ந்து மேழிநாடே சொன்னது.

அன்றிலிருந்து அந்த நாட்டில் யார் சொன்ன குறை சரியானாலும் சோறு போட்டார்கள். அந்த விருந்துகளில் எல்லாம், யாரும் உட்காராத ஓர் இலையும் பக்கத்தில் இருந்தது. கலிங்கை அவர்கள் மறுபடி அடைக்கவில்லை. ஏரி அப்படியும் நிறைந்தே இருந்தது.

கேட்டவர்களே, கதை இவ்வளவுதான், அதன் நீதி இது: நாட்டை ஒருவர் ஆண்டாலும் ஏழு பேர் ஆண்டாலும் எல்லாரும் ஆண்டாலும், தவறை எடுத்துச் சொன்னவருக்கு நன்றி சொல்லத் தெரிந்த ஆட்சியே நல்ல ஆட்சி.